மகளின் கன்னத்தில் பிறவி மச்சம்: ரயிலில் உற்றுப் பார்ப்பவர்களை எப்படிச் சமாளிப்பது?

கேட்டவர்: செம்பூர்வாசி

என் மகளுக்கு இடது கன்னத்திலிருந்து காது வரை பிறவியிலேயே சிவந்த மச்சம். போர்ட் வைன் வகை என்று டாக்டர் சொன்னார். பள்ளிக்கூடம் தெருமுனையிலேயே இருந்தது; அவள் முகம் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. இப்போது ஜூனியர் காலேஜில் பதினொன்றாம் வகுப்புக்கு, மும்பை ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) வரை போகிறாள். பெண்கள் பெட்டியில் எல்லோரும் தன்னையே பார்க்கிறார்களாம். அத்தனை புழுக்கத்திலும் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொள்கிறாள். “யாரும் பார்க்கவில்லையடி” என்றால் கோபம் வருகிறது. கிரகணத்தன்று நான் வெளியே வந்ததுதான் காரணம் என்று மாமியார் இன்னமும் அவள் காதுபடச் சொல்கிறார். நான் என்னதான் சொல்வது?

பதில்: வடாலா அக்கா

சகோதரி, எனக்கும் இதே மச்சம், வலது கன்னத்தில். இருபது வயதிலிருந்து இதே ரயிலில்தான் வேலைக்குப் போகிறேன்.

கிரகணப் பேச்சை இன்றே நிறுத்துங்கள். கருவில் குழந்தை உருவாகும்போது ஒரு மரபணுவில் தற்செயலாக ஏற்படும் மாற்றம்தான் பெரும்பாலும் காரணம் என்று 2013-லேயே கண்டறிந்துவிட்டார்கள். தோலுக்கடியில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்தே இருக்கின்றன, அவ்வளவுதான். அந்தப் பெண் தன் முகத்துக்கு அம்மாவைக் காரணமாக நினைத்து வளரக் கூடாது.

“யாரும் பார்க்கவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். பார்க்கிறார்கள். பிரிட்டனில் நிக்கோலா ரம்ஸி குழுவினர் 1982-ல் வெளியிட்ட ஆய்வில், முகத்தில் மச்சம் வரைந்துகொண்டு நின்றவரிடமிருந்து தெருவில் போனவர்கள் கூடுதலாகத் தள்ளி நின்றார்கள். ஆனால் அமெரிக்காவில் கிளெக், ஸ்ட்ரெண்டா இருவரும் 1980-ல் செய்த சோதனை வேறொன்றைச் சொல்கிறது. சிலர் முகத்தில் தழும்பு வரைந்து, கண்ணாடியில் காட்டிவிட்டு, பிறகு அவர்களுக்குத் தெரியாமலேயே அதை அழித்துவிட்டார்கள். தழும்பே இல்லாத முகத்தோடு பேசிவிட்டு வந்தவர்கள், எதிரில் இருந்தவர் தழும்பினால் சங்கடப்பட்டார் என்றார்கள். உங்கள் மகள் படுவது இரண்டும் கலந்தது. இதை அவளிடம் அப்படியே சொல்லுங்கள். பதினாறு வயதுக்கு நன்றாகவே புரியும்.

எனக்கு உதவியது ஒரே ஒரு வாக்கியம். மூவர் உட்காரும் பெஞ்சில் நான்காவதாக ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தால் எதிரே நிற்கும் அம்மாவின் முழங்கால் நம்மீது இடிக்கும். பார்வையைத் திருப்ப இடமே இருக்காது. “ஜல் கயா க்யா?” என்று கேட்பார். தீப்பட்டதா என்ற கவலைதான் பலருக்கும். “நஹீ ஆன்ட்டி, ஜன்ம் ஸே ஹை” (இல்லை ஆன்ட்டி, பிறவியிலிருந்தே இருக்கிறது) என்று கண்ணைப் பார்த்துச் சொல்வேன். அதோடு அவர் முகம் தளர்ந்துவிடும், அடுத்து எந்த ஸ்டேஷனில் இறங்குவேன் என்று கேட்பார், அந்த சீட் வேண்டுமே! வீட்டில் நீங்களே அந்த ஆன்ட்டியாக இருந்து கேளுங்கள். வாய்க்குப் பழகும்வரை அவள் சொல்லிப் பார்க்கட்டும். பதினெட்டு வயதில் கார் தீயில் முகம் வெந்த ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ், முகத்தோற்றம் மாறுபட்டவர்களுக்காக பிரிட்டனில் 1992-ல் தொடங்கிய ‘சேஞ்சிங் ஃபேசஸ்’ அமைப்பின் வழியாகக் கற்றுக்கொடுத்ததும் இதைப் போன்ற பேச்சுப் பயிற்சியைத்தான்.

பதில்: முலுண்ட் தம்பி

அக்கா சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: துப்பட்டாவைப் பிடுங்காதீர்கள். எனக்கு வெண்புள்ளி. சில நாள் முழுக்கைச் சட்டை போடுவேன், சில நாள் மாட்டேன். அது என் விருப்பம். லேசர் சிகிச்சை வேண்டுமா என்பதையும் அவளே முடிவு செய்யட்டும். நிறம் குறையலாம், முழுதும் மறையும் என்று நம்பிப் போனால் மனம் உடைந்துவிடும்.

செம்பூர்வாசி

இருவருக்கும் நன்றி. மாமியாரிடம் இன்றே பேசுகிறேன். இன்னொன்று: கல்லூரி அடையாள அட்டைக்குப் படம் எடுத்தபோது ஸ்டுடியோக்காரர் கேட்காமலேயே மச்சத்தை அழித்துவிட்டார். அவள் ஒன்றும் பேசவில்லை. விட்டுவிடலாமா?

வடாலா அக்கா

விடாதீர்கள். அவளையும் கூட்டிக்கொண்டு போய் வேறு படம் எடுக்கச் சொல்லுங்கள். கேட்காமல் அழித்தது அவர் தவறு. அதற்குக் காசும் கொடுக்காதீர்கள்.