சொல்மூட்டு: டச்சுக் கூட்டுச்சொற்களுக்கு ஒரு கலைச்சொல்

அனைவருக்கும் வணக்கம். டச்சுக் கூட்டுச்சொல்லில் இரண்டு சொற்கள் சேரும் இடத்துக்குச் 'சொல்மூட்டு' என்று பெயர் வைக்கலாம் என்கிறேன். அதற்கு எழும் கேள்வி இது:

> "கூட்டுச்சொல் எல்லை" என்றாலே புரிகிறதே, புதுச்சொல் எதற்கு?

டச்சு மொழியில் அந்த இடம் செய்யும் வேலையைப் பார்த்தால் 'எல்லை' எனக்குப் போதவில்லை.

டச்சில் இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றை மெய் வந்தால் அது பின்னால் உள்ள உயிரோடு போய்ச் சேரும். தண்ணீரைக் குறிக்கும் 'வாடர்' வா-டர் என்று பிரியும். சரி, இப்போது வேலைசெய்ய இயலாமல் போனால் கிடைக்கும் காப்பீட்டின் பெயரைப் பாருங்கள்: ஆர்-பெய்ட்ஸ்-ஒன்-க-ஸ்கிக்ட்-ஹெய்ட்ஸ்-ஃபர்-ஸே-க-ரிங். ஒரே சொல், பத்து அசை. (இங்கே அசை என்பது ஓர் உயிரைச் சுற்றி அமையும் ஒலித்துண்டு.) 'பெய்ட்ஸ்' கடைசியில் உள்ள ஸ், அடுத்து 'ஒ' காத்திருந்தும் அதன்மேல் ஏறவில்லை; அங்கே இரண்டு சொற்கள் சேர்வதுதான் காரணம். நம் பாலாடையில் நேர்மாறு. பால், ஆடை என்று பொருள் பிரிந்தாலும் வாய் பா-லா-டை என்றுதான் சொல்கிறது.

அந்த ஸ் எதற்கு? புளியங்காயில் 'அம்' வருவதுபோல ஒட்டவைக்க வந்தது. அதைச் சாரியை என்றே சொல்லிவிடலாம், வேறு தேட வேண்டாம்.

மூட்டுத் தவறினால் பொருளே மாறிவிடும். 'க்வார்ட்ஸ்லாகன்' என்பதை வரி முடிவில் க்வார்ட்-ஸ்லாகன் என்று உடைத்தால் கால்வட்டத் திருப்பங்கள். க்வார்ட்ஸ்-லாகன் என்று உடைத்தால் குவார்ட்ஸ் பாறை அடுக்குகள். எழுத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அப்புறம் அழுத்தம், அதாவது சொல்லில் ஓர் அசையை மட்டும் ஓங்கி ஒலிப்பது. இங்கே நிலைமொழி (முன்னால் நிற்கும் சொல்), வருமொழி (பின்னால் வந்து சேரும் சொல்) என்ற நம் பழைய சொற்கள் அழகாகப் பொருந்துகின்றன. முதன்மை அழுத்தம் பெரும்பாலும் நிலைமொழியில் விழும், வருமொழிக்குத் துணையழுத்தம். மருத்துவமனையான 'ஸீகன்ஹௌஸ்' ஸீ-யில் அழுந்தும். ஆனால் நகரமன்றமான 'ஸ்டட்ஹௌஸ்' ஹௌ-வில் அழுந்தும். இரண்டிலும் வருமொழி ஒன்றுதான். விதிவிலக்கு இப்படி இருப்பதால் அழுத்தத்தை மட்டும் வைத்து மூட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே என் பரிந்துரை: சொல்மூட்டு. தச்சுவேலையில் இரண்டு கட்டைகள் சேரும் இடம் மூட்டு. கழற்றும்போதும் அங்கேதான் கைவைப்பார்கள். புணர்ச்சி விதிப்படி 'சொன்மூட்டு' என்றல்லவா வர வேண்டும் என்று கேட்பீர்கள். இந்த ஒரு சொல்லில் மட்டும் ல் திரியாமல் நிற்கட்டும். மூட்டு எங்கே இருக்கிறது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.