புத்தப் பேழைகளில் பூவும் பறவையும் எதற்கு?

நகரிக்காரன்: ஆந்திராவில் இருக்கும் பட்டிப்ரோலு ஸ்தூபிக்குப் போய் வந்தேன். 1892-ல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது புத்தரின் எலும்பு போன்ற புனித எச்சங்களை வைக்கும் கல் பேழைகள், அதற்குள் பளிங்குச் சிமிழ், தங்கப் பூக்கள் எல்லாம் கிடைத்தன என்று கேட்டதிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. இந்த அலங்காரத்துக்கு அர்த்தம் உண்டா?

புத்தூர் அக்கா: உண்டு தம்பி. சேற்றில் முளைத்தும் அழுக்கு ஒட்டாத தாமரை தூய்மைக்கு. பெஷாவரில் கிடைத்த, குஷாண மன்னர் கனிஷ்கர் பேழையின் மூடியில் தாமரை மேல் புத்தர், இருபுறமும் இந்திரனும் பிரம்மாவும், சுற்றிலும் பறக்கும் அன்னங்கள். பிறவிச் சுழலை விட்டுப் பறப்பது என்று எனக்குத் தோன்றும்.

தடாக்காரர்: வண்ணம் தீட்டியது வேண்டுமென்றால் சீனாவின் மேற்கே கூச்சா பக்கம் சுபாஷியில் கிடைத்த மரப்பேழை, இப்போது டோக்கியோவில். முகமூடி ஆட்டக்காரர்கள், வாத்தியக்காரர்கள், மூடியில் சிறகு முளைத்த குழந்தைகள். அப்படியே திருவிழா!

நகரிக்காரன்: நன்றி அக்கா. ஞாயிறு எழும்பூர் அருங்காட்சியகம் போய் அமராவதிச் சிற்பங்களில் தாமரையைத் தேடுகிறேன்.