தெசலோனிகி யூதர்கள் பற்றி நல்ல பாட்காஸ்ட் சொல்லுங்களேன்

நண்பர்களே, வணக்கம். இரவில் பாத்திரம் கழுவும்போது காதில் பாட்காஸ்ட் ஓட வேண்டும் எனக்கு. போன வாரம் ஐரோப்பிய வரலாற்றுத் தொடர் ஒன்றில் 1492-க்கு வந்து சேர்ந்தேன். கொலம்பஸுக்கு ஒரு மணி நேரம். அதே ஆண்டு ஸ்பெயின் தன் யூதர்களை விரட்டியதற்கு இரண்டே நிமிடம்! கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

பிறகு கொஞ்சம் படித்தேன். விரட்டப்பட்டவர்களில் பலர் ஒட்டோமான் துருக்கியர் ஆட்சியிலிருந்த தெசலோனிகி துறைமுக நகரில் குடியேறியிருக்கிறார்கள். கூடவே கொண்டுபோன பழைய ஸ்பானிய மொழியை, லடினோவாக, நானூறு ஆண்டுகளுக்கு மேல் வீட்டிலும் கடைத்தெருவிலும் பேசியிருக்கிறார்கள். துறைமுகத் தொழிலாளர்களில் யூதர்களே மிகுதி என்பதால் சனிக்கிழமை துறைமுகத்துக்கே விடுமுறை! 1912-இல் நகரம் கிரேக்கத்திடம் போனது. 1917-இல் பெருந்தீ. 1943-இல் யூதர்களை நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ஏற்றிச் சென்ற ரயில்கள்.

நான் தேடிப் பிடித்த தொடர்களெல்லாம் நேராக 1943-க்குத் தாவிவிடுகின்றன. எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய வாழ்க்கை: அச்சகங்கள், சமையல், சந்தைச் சண்டைகள். அப்படி ஏதாவது கேட்டிருந்தால் பெயரைச் சொல்லுங்கள். ஆங்கிலம் என்றாலும் சரி. இடையில் லடினோ பேச்சு வந்தால் இன்னும் நல்லது. சோக வயலினை மட்டும் நிறுத்தாமல் இழுக்கும் தொடர் வேண்டாம்.