மறு: மறு: ப்ளேடெஸ்ட்டுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்குள் வேணும்)

ஸ்காபரோ டீச்சர் | திங்கள்

குழுமத்தாருக்கு வணக்கம். கனகாலமாக வாசிப்பதோடு சரி, எழுதினதில்லை. இப்போது ஒரு அவசரம்.

டொரொண்டோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தத் தவணை கட்டுரைக்குப் பதிலாக ஒரு மேசை விளையாட்டு செய்து, அதன் விதிகளைத் தமிழில் எழுதச் சொன்னேன். நாலு விளையாட்டு வந்திருக்கு. வருகிற சனி அம்மம்மா, அப்பப்பா, மாமா, மாமி என்று அகப்பட்ட எல்லாரையும் இருத்தி விளையாட வைக்கப் போகிறோம். ஒரு பிள்ளை தன்னுடையதைத் திருத்தி, அடுத்த வருடம் மிச்சிகன் பக்கம் ப்ரோட்டோஸ்பீல் என்ற விளையாட்டு செய்கிறவர்கள் கூட்டத்துக்குக் கொண்டுபோவன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

மேசைக்கு ஒரு பலகையும், விளையாடினவர்கள் நிரப்ப ஒரு படிவமும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேணும். மூன்று சொல் தாருங்கள்: ப்ளேடெஸ்ட் (செய்த விளையாட்டை ஆட வைத்துக் குறை பார்ப்பது), ப்ரோட்டோடைப் (அதற்கென்று செய்த முதல் வடிவம்), ப்ளைண்ட் ப்ளேடெஸ்ட் (செய்தவர் விளக்காமல் விதியை மட்டும் கொடுத்து ஆட வைப்பது). நான் ‘விளையாட்டுப் பரீட்சை’ என்று எழுதினேன். ஒரு பெடியன் முகம் கறுத்து, “டீச்சர், இதுக்கும் மார்க்ஸ் போடுவீங்களோ?” என்றான். அழித்துவிட்டேன்.

சென்னை மென்பொருளார் | திங்கள்

டீச்சர், இது ஐந்து நிமிட வேலை. மென்பொருளில் டெஸ்டிங்கைச் ‘சோதனை’ என்றுதான் நாங்கள் எழுதிக்கொண்டிருக்கிறோம். ப்ளேடெஸ்ட் ஆட்டச் சோதனை. ப்ரோட்டோடைப் முன்மாதிரி. மூன்றாவது குருட்டுச் சோதனை. நாளைக்கே அச்சுக்குக் கொடுங்கள்.

திருநெல்வேலியார் | செவ்வாய் காலை

ஐந்து நிமிடத்தில் பிறந்த சொல் ஆறாவது நிமிடம் இருக்காது, தம்பி.

சோதனை வடசொல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அது தமிழில் எங்கெல்லாம் புழங்குகிறது? வருமான வரிச் சோதனை, சோதனைச் சாவடி, ‘ஆண்டவன் சோதிக்கிறான்’. விளையாட வருகிற பாட்டியை இந்தச் சொல்லை வைத்தா வரவேற்பது?

தொல்காப்பிய உரியியல் ‘கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு’ என்று இரண்டு சொல்லை நம் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. கெடவரலை விட்டுவிடுவோம், இன்றைய காதுக்குக் கெட்டுப்போக வருவதுபோலக் கேட்கும். பண்ணை என்ன பாவம் செய்தது? அது ‘பண்ணு’ என்ற வினையோடு உறவுடையது என்பது என் துணிபு. சிலப்பதிகாரத்துக் கானல்வரித் தொடக்கத்தில் மாதவி யாழை எடுத்ததும் வரும் எட்டு வகையைப் பாருங்கள்: பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல், செலவு, விளையாட்டு, கையூழ், குறும்போக்கு. பண்ணல் முதலில், ஆராய்தல் மூன்றாவது, விளையாட்டு ஆறாவது. பண்ணி, ஆராய்ந்து, அதன்பின்தான் விளையாட்டு! ஆகவே ப்ளேடெஸ்ட் என்பது பண்ணையாராய்ச்சி.

பர்மிங்ஹாம் அண்ணன் | செவ்வாய்

ஐயா மன்னிக்க வேணும். பண்ணை என்று பலகை வைத்தால் ஸ்காபரோச் சனம் முட்டை என்ன விலை என்று கேட்கும். ஆராய்ச்சியும் சேர்ந்தால் கோழிக் காய்ச்சல் என்று ஓடிவிடும்.

நான் இங்கே யூகே கேம்ஸ் எக்ஸ்போ நடக்கிற ஊரிலேயே இருக்கிறவன். 2007இல் தொடங்கின மேசை விளையாட்டுக் கூட்டம், இன்னும் வெளிவராத விளையாட்டுகளுக்கென்று தனி இடம் வைத்திருக்கிறார்கள். அங்கே மேசையின் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன். ப்ளேடெஸ்ட் என்ற ஒரு சொல்லுக்குள்ளே மூன்று வேறு வேலை ஒளிந்திருக்கு என்பது என் அபிப்பிராயம்.

முதலாவது, டீச்சர் சொன்ன ப்ரோட்டோஸ்பீல். அமெரிக்காவில் தொடங்கியது. இப்போது மில்வாக்கி, மினசோட்டா என்று பல இடத்தில் அதே பெயரில் நடக்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் தாங்களே விளையாட்டு செய்கிறவர்கள். உன்னுடையதுக்கு நான் இருக்கிறேன், என்னுடையதுக்கு நீ இரு என்ற மொய்க்கணக்கு. அவர்கள் ரசிக்க வருவதில்லை, எங்கே உடையும் என்று பார்க்க வருகிறார்கள். எல்லாக் காசையும் முதல் சுற்றிலேயே ஒரே இடத்தில் கொட்டினால் என்ன ஆகும் என்று வேண்டுமென்றே ஆடுவார்கள்.

ஜென் கான் என்ற பெரிய விளையாட்டுத் திருவிழா வேறு மாதிரி. 1968இல் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற ஊரில் தொடங்கியதால் அந்தப் பெயர். 2003இலிருந்து இண்டியானாபொலிசில் நடக்கிறது. அங்கே ‘ஃபர்ஸ்ட் எக்ஸ்போஷர்’ என்று ஒரு மண்டபம். செய்தவர் காசு கட்டி மேசையும் நேரமும் எடுக்கிறார், நடத்துகிறவர்கள் முன்பின் தெரியாத ஆட்களைக் கொண்டுவந்து இருத்துகிறார்கள். இவர்களிடம் உள்ள சிக்கல், மரியாதைக்கு நல்லாயிருக்கு என்று சொல்லிவிடுவார்கள். படிவத்தில் ‘பிடித்ததா?’ என்று மட்டும் கேட்காதீர்கள், டீச்சர். எந்த இடத்தில் கைபேசியைப் பார்க்கத் தோன்றியது என்று கேளுங்கள்.

மூன்றாவது, பெட்டியைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு ஓரமாக இருப்பது. கடையில் வாங்குகிறவனுக்குச் செய்தவரையும் பெட்டிக்குள் வைத்து அனுப்ப முடியாதே. விதிப்புத்தகம் தனியாக நிற்கிறதா என்று பார்க்கிற கட்டம் இது.

இன்னொன்று. பிள்ளைகளிடம் அட்டையை அழகாக அச்சடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய சீட்டுக்கட்டை எடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, முன்னால் கையெழுத்துத் துண்டைச் செருகினால் போதும். அழகாக இருந்தால் பார்க்கிறவன் குறை சொல்லக் கூசுவான், செய்தவனுக்கும் வெட்ட மனம் வராது.

மதுரையம்மா | செவ்வாய் இரவு

பர்மிங்ஹாம் தம்பி சொல்லும் பழைய சீட்டுக்கட்டு நற்றிணையிலேயே இருக்கிறது. மூன்றாம் பாட்டு. வேப்பமர நிழலில் ‘கட்டளை அன்ன வட்டரங்கு இழைத்து’ச் சிறுவர்கள் நெல்லிக்காயை வைத்து வட்டாடுகிறார்கள். தரையில் கீறிய கட்டம், காய்க்கு நெல்லிக்காய். முழுக்க ப்ரோட்டோடைப். ‘அரங்கின்றி வட்டாடி யற்றே’ என்ற குறளிலும் அரங்கு என்பது நாடக மேடை அல்ல, ஆடுவதற்குக் கீறிய கட்டம்.

முன்மாதிரி எனக்கு உடன்பாடில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லை அப்துல் கலாம் படத்துக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறோம். ‘கீறல் வடிவம்’ என்றால் என்ன?

ப்ளேடெஸ்ட்டுக்கு இத்தனை சுற்ற வேண்டியதில்லை. புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன்னால் ஒருநாள் வீதியில் இழுத்துப் பார்க்கிறோம். எந்த முடுக்கில் மாட்டுகிறது, எந்தச் சக்கரம் முனகுகிறது என்று அன்றைக்குத்தான் தெரியும். அதற்குப் பெயர் வெள்ளோட்டம். இதற்கும் அதுதான்.

திருநெல்வேலியார் | புதன்

அம்மா, வெள்ளோட்டத்தில் ‘வெள்’ எது? வெண்மை என்றால் அறிவின்மை. ‘வெண்மை எனப்படுவது யாதெனின்’ என்று வள்ளுவர் புல்லறிவாண்மையில் கேட்கிறார். வெள்ளோட்டம் என்றால் அறிவில்லாத ஓட்டம் என்றும் ஆகுமே. வெறுமைப் பொருளில் வந்தது, சாமி ஏறாத வெறுந்தேர் என்று கொண்டால், பாட்டி உட்கார்ந்து ஆடும் மேசை எப்படி வெறுமையாகும்? மேலும் தேர் ஓடும், கப்பல் ஓடும். விளையாட்டு ஓடுமா?

சென்னை மென்பொருளார் | புதன்

படமே ஓடுகிறது ஐயா, அதுவும் 100 நாள்.

சோதனையைக் கைவிடுகிறேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயர்ச்சொல்லுக்கு ஏன் அலைகிறோம்? ‘பார்’ என்ற துணைவினை இந்த வேலைக்கென்றே இருக்கிறது. சாப்பிட்டுப் பார், போட்டுப் பார், கேட்டுப் பார். இதில் கண்ணுக்கு வேலையே இல்லை, செய்து தெரிந்துகொள் என்பதுதான் பொருள். சரிபார் என்பதிலிருந்து சரிபார்ப்பு வந்து நிலைத்துவிட்டது. அதே வழியில் ஆடிப்பார்ப்பு. ஆடிப்பார்ப்பவர், ஆடிப்பார்ப்பு மேசை, ஆடிப்பார்ப்புப் படிவம் என்று எல்லாம் சரசரவென்று வருகிறது.

கோலாலம்பூர் | புதன்

பேஷ். ஆடிப்பார்ப்பு, ஆடித் தள்ளுபடி, ஆடிக் கூழ். சேலையும் விற்பீர்களா?

(ஐயாவுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்: ஆடி என்றால் கண்ணாடி என்றும் உண்டு. முகம் பார்ப்பது என்று யாராவது வருவார்கள்.)

பர்மிங்ஹாம் அண்ணன் | புதன்

சொல்லைத் தமிழாக்கத்தான் வேணுமா என்று ஒருதரம் கேட்டுப் பார்க்கிறேன். எங்கட ஊரில் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுகிற கிழவர் யாரும் துரும்பு (ட்ரம்ப் சீட்டு) வெள்ளைக்காரனிடமிருந்து வந்த சொல் என்று கவலைப்பட்டதில்லை. இந்தியாவில் அதுவே துருப்புச்சீட்டாகி அரசியல் தலையங்கம் வரை போய்விட்டது. ப்ளேடெஸ்ட்டும் நாலு பேர் வாயில் உருண்டால் தன்பாட்டில் ஒரு வடிவத்துக்கு வரும்.

திருநெல்வேலியாருக்கு ஒரு தின்பண்டம். 1988இல் ஜெர்மனியில் நூரம்பெர்க் பொம்மைச் சந்தையில் விளையாட்டு செய்கிறவர்கள் 13 பேர் ஒரு பியர்க் கோப்பை அட்டையில் கையெழுத்துப் போட்டார்கள். பெட்டியின் மேல் தன் பெயரைப் போடாத பதிப்பகத்துக்கு எங்களில் எவரும் விளையாட்டு கொடுப்பதில்லை என்பது அதில் எழுதியிருந்தது. ஜெர்மன்காரர் இவர்களை ‘ஆசிரியர்’ என்றே அழைக்கிறார்கள், நூலாசிரியர் மாதிரி.

திருநெல்வேலியார் | புதன் நள்ளிரவு

அற்புதம்! பாயிரத்தில் என்னென்ன இருக்கவேண்டும் என்று நன்னூல் அடுக்கும்போது முதலில் வைப்பதே ‘ஆக்கியோன் பெயரே’ என்பதைத்தான். கோப்பை அட்டையில் எழுதியது சிறப்புப்பாயிரம்.

அப்படியானால் வேறொரு கதவும் திறக்கிறது. தொல்காப்பியத்தைப் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்கு ‘அரில்தபத் தெரிந்து’ காட்டியதாக அதன் பாயிரத்தில் பனம்பாரனார் சொல்கிறார். அரில் என்றால் பிணக்கு, குற்றம். குற்றம் நீங்கத் தெரிந்து காட்டுவது! அதங்கோட்டாசான் ப்ளேடெஸ்டர் அல்லாமல் வேறு யார்? மதுரையம்மா சொன்னபடி அரங்கு ஆடும் கட்டமும் ஆகிறது. ஆகவே அரங்கேற்றம். பண்ணையையும் நான் விட்டுவிடவில்லை.

மதுரையம்மா | வியாழன்

அரங்கேற்றம் முடிந்த சரக்குக்கு, ஐயா. அதில் பிழை வந்தால் மானம் போகும். பிழை வரட்டும் என்று கூப்பிடுவதற்குத்தான் சொல் கேட்கிறார்கள். ஜென் கானில் முடிந்த விளையாட்டைக் கடை விரித்துக் காட்டுகிறார்களே, அதற்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்காபரோ டீச்சர் | வியாழன் இரவு

எல்லாருக்கும் நன்றி. நாளைக் காலை ஒன்பது மணிக்கு அச்சுக்காரர். எண்ணிப் பார்த்தேன்: வெள்ளோட்டத்துக்கு அஞ்சு பேர் (மூன்று பேர் தனி மடலில்), ஆடிப்பார்ப்புக்கு ரெண்டு, பண்ணைக்கு ஒன்று.

குருட்டுச் சோதனை வேண்டாம். என் வகுப்பில் கண் தெரியாத பிள்ளை ஒன்று இருக்கு. தாயக்கட்டைக்குப் பதிலாகப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துப் போடுவோம் என்ற யோசனை அவளுடையது. விரலால் தடவினாலே விழுந்தது என்ன என்று தெரியும் என்றாள். அவளுக்கு முன்னால் அந்தச் சொல்லைப் பலகையில் எழுத மாட்டேன். ‘ஆளில்லா ஆட்டம்’ என்று எழுதிப் பார்த்தேன். என் மகன் அது ட்ரோன் என்கிறான். ‘சொல்லாமல் ஆடவிடுதல்’ என்று நீட்டி எழுதிவிட்டேன், சொல் இல்லை என்றாலும் விளங்கும்.

பலகை ரெண்டு மேசைக்கு ‘வெள்ளோட்டம்’, ரெண்டு மேசைக்கு ‘ஆடிப் பாருங்கோ’. ப்ரோட்டோடைப்புக்குக் கீறல் வடிவம் என்று போட்டேன், மதுரையம்மாவுக்காக.

ஸ்காபரோ டீச்சர் | ஞாயிறு

நடந்து முடிந்தது. வெள்ளோட்ட மேசையில் ஒரு அப்பப்பா வந்து, எந்தக் கோயில் தேர் என்று கேட்டார். விளக்கினதும் சிரித்துக்கொண்டு இருந்து ரெண்டு ஆட்டம் ஆடினார். ஆடிப் பாருங்கோ என்ற பலகையை வாசித்த மாமி ஒருவர் பரதநாட்டியமோ என்று கேட்டார். கீறல் வடிவம் என்றதைப் பார்த்து, பெட்டி கீறுப்பட்டதாக்கும் என்று ஒருவர் திருப்பித் தந்தார்.

ஆனால் எழுத வந்தது வேறொன்று. ப்ரோட்டோஸ்பீலுக்குப் போகப்போகிற பிள்ளையின் விளையாட்டு துலாக்கிணறு பற்றினது. தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கவேணும், கையில் அஞ்சு அட்டை. விதியில் அவள் எழுதியிருந்தது: ‘முறை முடிந்ததும் மிகுதி அட்டைகளை வைக்கவும்.’ அவளைப் பேசக்கூடாது என்று சொல்லி, கதவோரம் கொப்பியோடு இருத்தினேன். அம்மம்மா ஒருவர் அந்த வரியைக் கண்ணாடியைக் கழற்றிப் போட்டு ரெண்டுதரம் வாசித்தார். பிறகு கையில் இருந்த எல்லா அட்டையையும் மேசையில் வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த மாமா தன்னுடையதைக் கையிலேயே வைத்திருந்தார். ரெண்டு பேரும் சரி! நாலு சுற்று அப்படியே போனது. அம்மம்மாவின் தோட்டம் காய்ந்து போச்சு. பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு இருந்தாள், வாய் திறக்கவில்லை. பிறகு கொப்பியைப் பார்த்தேன். ‘வை, வை, வை’ என்று மூன்று தரம் எழுதி வட்டம் போட்டிருந்தாள்.

வகுப்பில் அந்த வரியை நாலு தரம் திருத்தினது நான்தான். சந்தி பார்த்தேன், ஒற்று பார்த்தேன்.

சென்னை மென்பொருளார் | ஞாயிறு

டீச்சர், ‘கையிலேயே வைத்திருக்கவும்’, ‘மேசையில் போடவும்’ என்று பிரித்துவிடச் சொல்லுங்கள். எங்கள் மென்பொருளிலும் ‘வை’ இருக்கிறது. நாளைக்குத் தேடிப் பார்க்கிறேன்.

கலைச்சொல் பட்டியலில் வெள்ளோட்டம் என்று ஏற்றிவிடட்டுமா? எனக்கு இன்னும் ஆடிப்பார்ப்புதான். ஆனால் களைத்துவிட்டேன்.

பர்மிங்ஹாம் அண்ணன் | ஞாயிறு

ஏற்றுங்கோ. பக்கத்தில் சின்னதாக ப்ளேடெஸ்ட் என்றும் போடுங்கோ.

திருநெல்வேலியார் | திங்கள்

ஏற்றுவதற்கு முன் என் மாறுபாட்டைப் பதிவு செய்க. பண்ணைக்கு எதிராக இதுவரை முட்டையைத் தவிர வேறு வாதம் வரவில்லை.

டீச்சர் மாணவியின் ‘வை’ என்னைத் தூங்கவிடவில்லை. அதே உரியியல் ‘வையே கூர்மை’ என்கிறது. வைக்கோல் வேறு இருக்கிறது. விரிவாக நாளை எழுதுகிறேன்.