லிஜியாங்கில் நான்கு நாட்கள்

தென்மேற்குச் சீனாவின் யுன்னான் மாகாணத்தில், நாஷி இன மக்களின் ஊரான லிஜியாங்குக்கு 2014ஆம் ஆண்டு ஆகஸ்டில் போயிருந்தேன். திரைப்பட இயக்குநர் சாங் யிமோவும் அவர் குழுவினரும் அமைத்த ‘இம்ப்ரெஷன் லிஜியாங்’ என்ற திறந்தவெளி நிகழ்ச்சியைப் பார்ப்பதுதான் பயணத்தின் முதல் நோக்கம். கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் மேலே உள்ள அந்த அரங்கிற்கு, 5,596 மீட்டர் உயரமுள்ள யூலோங் பனிமலையே பின்திரை. நான் போனதோ மழைக்காலம். மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம்தான் இருந்தது. ஆயினும், சுற்றுவட்டார ஊர்களைச் சேர்ந்த சுமார் 500 பேர், பெரும்பாலும் குடியானவர்கள், செம்மண் நிறச் சுவரில் வளைந்து வளைந்து ஏறும் பாதைகளில் பாடியபடி நடந்ததும், சுவரின் உச்சியில் குதிரைகள் ஓடியதும் மலையின் குறையை ஓரளவு ஈடுசெய்தன.

லிஜியாங்கின் பழைய நகரிலுள்ள மதுக்கடைத் தெருவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு கடைப் பாட்டு அடுத்த கடைப் பாட்டை விழுங்கும் அந்த இரைச்சலில் பத்து நிமிடத்துக்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

என்னைக் கட்டிப்போட்டது பழைய நகருக்குள் இருந்த நாஷி இசை அரங்கம். சீனாவின் பழஞ்சமயமான தாவோவின் சடங்குகளுக்காக, சீனாவின் பெரும்பான்மை இனமான ஹான் மக்களிடமிருந்து வந்து, நாஷி மக்களிடம் தங்கிவிட்ட இசை இது. பழைய மரபுகளை ஒழிக்க முனைந்த மாவோவின் கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் இசைக் கருவிகளை ஒளித்து வைத்துக் காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் இருந்து மீண்ட சுவான் கே என்பவர், 1980களில் முதியவர்களைத் திரட்டி இக்குழுவை மேடையேற்றினார். வாசித்தவர்களில் பலருக்கு வெண்தாடி. இடையிடையே ஒருவர் கண்ணயர்ந்ததையும், தம் முறை வந்ததும் தட்டாமல் வாத்தியத்தின் வில்லைக் கையில் எடுத்ததையும் பார்த்தேன். அவர்கள் தலைக்கு மேலே, மறைந்த உறுப்பினர்களின் புகைப்படங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. முதலில் அதை அலங்காரம் என்றே எண்ணினேன். விவரம் தெரிந்தபின், கீழே அமர்ந்திருந்தவர்களையும் மேலே படங்களின் வரிசையில் மிச்சமிருந்த இடைவெளியையும் மாறி மாறிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மறுநாள் ஒரு துணிக்கடையில் நடந்தது வேடிக்கை. பெயர்ப்பலகையில் சீன எழுத்துடன் நாஷியரின் தோங்பா சித்திர எழுத்தும் இருந்தது. அதை வாசித்துக் காட்டும்படி கடைப் பெண்ணிடம் சைகையால் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கையை விரித்தார். உடன் வந்த வழிகாட்டி விளக்கிய பிறகுதான், தோங்பா எனப்படும் பூசாரிகள் மட்டுமே சடங்கு ஏடுகளில் கையாண்ட எழுத்து அது என்பதும், சாதாரண நாஷி மக்கள் என்றுமே அதைப் படித்தவர்கள் அல்லர் என்பதும் புரிந்தன. அந்த ஏடுகளை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. படிக்க ஆளில்லாத எழுத்து இப்போது ஊரிலுள்ள பலகைகளில் எல்லாம் ஏறியிருப்பதைக் குறை சொல்வதா, மெச்சுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசி நாள் மாலை, பழைய நகரின் நடுவிலுள்ள சிஃபாங் சதுக்கத்தில் உள்ளூர்ப் பெண்கள் கைகோத்து வட்டமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். முதுகில் ஏழு விண்மீன்களைக் குறிக்கும் வட்டங்கள் தைத்த ஆட்டுத்தோல் போர்வை அணிந்த மூதாட்டி ஒருவர், வேடிக்கை பார்த்த என்னையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டார். இரண்டு முறை அவர் காலை மிதித்தேன். அவர் முகம் திருப்பவில்லை. அடி மாறும் இடம் வரும்போதெல்லாம் என் கையை மட்டும் ஒருமுறை அழுத்தினார்.