சௌராஷ்டிர இணைய அகராதி: மூன்று எழுத்துமுறைகளில் இருக்கும் ஒரே சொல் தேடலில் கிடைக்கவில்லை, உதவி தேவை

கேள்வி

வணக்கம். மதுரையில் நானும் சில உறவினர்களும் சேர்ந்து சௌராஷ்டிரம், தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் ஓர் இணைய அகராதி செய்துவருகிறோம். சௌராஷ்டிரத்துக்குச் சொந்த எழுத்து உண்டு. 2008இல் யூனிகோடு 5.1 பதிப்பில் அதுவும் சேர்ந்துவிட்டது. ஆனால் எங்கள் வீடுகளில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. பெரும்பாலோர் தமிழ் எழுத்தில்தான், ககரத்தின் வேறு ஒலிகளைக் காட்ட க² க³ க⁴ என்று எண் போட்டு எழுதுகிறார்கள். சிலர் தேவநாகரியில் எழுதுகிறார்கள். மூன்றில் எதையும் விட எங்களுக்கு மனமில்லை.

இப்போது தரவுத்தள அட்டவணையில் ஒரு சொல்லுக்கு ஒரு வரி, அதில் எழுத்துக்கு ஒன்றாக மூன்று நெடுவரிசைகள். எண் போட்ட சொல்லைத் தேடினால் எதுவுமே வருவதில்லை. தமிழ் எழுத்தில் தட்டினால் தளம் அதைத் தமிழ்ச் சொல்லாக எடுத்துக்கொண்டு தமிழ்ப் பகுதியில் போய்த் தேடுகிறது. அப்புறம், மொழியின் பெயரையே தட்டினால் சிலருக்குக் கிடைக்கிறது, சிலருக்குக் கிடைப்பதில்லை. பைத்தான் நிரல்மொழியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் பயன்படுத்துகிறோம். தட்டும் சொல்லை என்எஃப்கேசி முறையில் (ஒரே எழுத்தின் வேறுவேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) சீராக்கிய பிறகே தேடுகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1

என்எஃப்கேசியை முதலில் எடுத்துவிடுங்கள். அது மேற்குறி எண்ணைச் சாதாரண எண்ணாக மாற்றிவிடும். க³ உள்ளே போகும்போது க3 ஆகிவிடுகிறது, தரவுத்தளத்தில் க³ அப்படியே இருக்கிறது, இரண்டும் எப்படிப் பொருந்தும்? அதே வகையில் மென்மையான என்எஃப்சி முறை போதும். அது எண்களைத் தொடாது, ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டப்பட்ட ‘கொ’வையும் ஒரே குறியாக்கிவிடும். சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டு இடத்திலும் அதையே போடுங்கள்.

மொழிப் பெயரின் சிக்கல் வேறு. சௌ என்பதைச் சிலர் ‘செ’ தட்டி, பக்கத்தில் ‘ள’ தட்டுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு அது வேறு சொல். என்எஃப்சி இதைத் திருத்தாது. ஔவையை ஒ, ள என்று தட்டுவதும் இதே கதைதான். இதற்குத் தனி விதி எழுதவேண்டும். ஆனால் ‘ெ’க்குப் பின் ‘ள’ வந்தாலே மாற்றிவிடாதீர்கள், ‘தெளிவு’ கெட்டுப்போகும். மூலச்சொல்லில் கை வைக்காமல் தேடல் சாவியில் (தேடுவதற்காக மட்டும் தனியாக வைக்கும் வடிவம்) மட்டும் இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி அண்ணா. என்எஃப்சிக்கு மாற்றியதும் எண் போட்ட சொற்களில் பாதி வந்துவிட்டன. மீதிப் பாதியில் சிலர் எண்ணை உயிர்க்குறிக்கு முன்னும் சிலர் பின்னும் போட்டிருக்கிறார்கள். கைப்பேசியில் தேடுகிறவர்கள் எண்ணே போடுவதில்லை.

பதில் 2

எண் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் பின்னால் வரட்டும். நடுவில் வந்தால் பல எழுத்துருக்களில் காலுக்கு முன் புள்ளிவட்டம் தோன்றி எழுத்தே உடைந்துவிடும். சேமிக்கும்போதே இடம் மாற்றிவிடுங்கள். முக்காற்புள்ளியையும் கவனியுங்கள். சௌராஷ்டிரத்தைத் தமிழில் எழுதும்போது அதுவும் ஒலிக்குறி, ஆனால் தேடல் நிரல் அதை நிறுத்தக்குறி என்று நினைத்துக் கழித்துவிடலாம்.

ஆனால் உங்கள் அட்டவணை அமைப்பைத்தான் நான் முதலில் மாற்றுவேன். ‘சொல்’ ஓர் அட்டவணை, ‘வடிவம்’ இன்னோர் அட்டவணை. வடிவத்தில் எந்தச் சொல், எந்த எழுத்து, எழுத்துக்கூட்டல், மனிதர் எழுதியதா நிரல் ஆக்கியதா, தேடல் சாவி ஆகியவை இருக்கட்டும். ஒரே எழுத்தில் இரண்டு கூட்டல்கள் வந்தால் மூன்று நெடுவரிசைகளில் எங்கே வைப்பீர்கள்? எழுத்தைக் குறிக்க, எழுத்துமுறைகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 15924இன் நான்கெழுத்துக் குறியீட்டைப் போடுங்கள், மொழிக் குறியீடு தனியாக இருக்கட்டும். தமிழ் எழுத்து என்றால் தமிழ் மொழி என்று தளம் ஊகிப்பதுதான் உங்கள் இரண்டாவது சிக்கல். தட்டியதை எல்லா மொழி வடிவங்களிலும் தேடி, வந்த விடைகளை மொழி வாரியாகப் பிரித்துக் காட்டுங்கள்.

எண் போடாதவர்களுக்காக, சாவியில் நான்கு ககரத்தையும் வெறும் ‘க’ ஆக்குங்கள். சரியாகப் பொருந்தியது மேலே, சாவியில் மட்டும் பொருந்தியது கீழே.

பதில் 3

இவ்வளவு எதற்கு? தேவநாகரியில் மட்டும் சேமித்து, மற்ற இரண்டையும் நிரலாலேயே ஆக்கிக்கொள்ளலாமே.

பதில் 2

முடியாது நண்பரே. சௌராஷ்டிர எழுத்தில் நான்கு ககரமும் தனித்தனி, எ ஏ ஒ ஓ நான்கும் தனித்தனி. தேவநாகரியில் ககரம் நான்கும் உண்டு. குறில் எ, ஒ எழுத்துகளும் யூனிகோடில் உண்டு, ஆனால் இந்திப் பழக்கத்தில் தட்டுகிறவர்கள் அவற்றைத் தொடுவதே இல்லை. குறிலும் நெடிலும் ஒன்றாகிவிடும். எண் போடாத தமிழில் குறில் நெடில் தப்பிக்கும், ககரம் நான்கும் ஒன்றாகும். நிறைந்த எழுத்திலிருந்து குறைந்த எழுத்துக்கு நிரல் மாற்றித் தரலாம். எதிர்த்திசையில் அது ஊகம்தான், அந்த மொழி பேசுகிறவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே அகராதியில் ஏறவேண்டும். 2011 கணக்கெடுப்பில் சுமார் 2.5 லட்சம் பேர் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழி என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்டுச் சரிபார்க்க ஆள் இருக்கும்போது ஊகத்தை அச்சேற்ற வேண்டாமே.

கேட்டவர்

இதை வீட்டுப் பெரியவர்களிடமும் காட்டினேன். சொந்த எழுத்து வடிவத்தை அவர்களே சொல் சொல்லாகப் பார்த்துத் தருகிறார்களாம். அட்டவணையைப் பிரிக்கத் தொடங்கிவிட்டோம். கடைசியாக ஒன்று: தமிழ் எழுத்துப் பட்டியலில் ன வரிசை ந-வுக்கு அடுத்து வந்து நிற்கிறது, ‘அகம்’ முன்னே வந்து ‘அக்கா’ பின்னே போகிறது.

பதில் 1

அது யூனிகோடு எண் வரிசை. அதில் ன, ந-வை ஒட்டி இருக்கிறது, புள்ளி எல்லா உயிர்க்குறிக்கும் பிறகு வருகிறது, ஆய்தம் அ-வுக்கு முன்னால் நிற்கிறது. ஐசியூ என்ற யூனிகோடு நிரல் நூலகத்தில் தமிழ் அகரவரிசை இருக்கிறது, பைத்தானில் பைஐசியூ வழியாக எடுக்கலாம். அதற்குக் கொடுக்கும் முன் மேற்குறி எண்களைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் எண் எழுத்துக்கு முன்னால் போய் வரிசையைக் குலைக்கும். இரண்டு சொற்கள் சமமாக நின்றால் மட்டும் எண்ணைப் பார்த்து க, க², க³, க⁴ என்று அடுக்குங்கள். சௌராஷ்டிர எழுத்து தெரியாத கைப்பேசிகளுக்காக நோட்டோ சான்ஸ் சௌராஷ்டிரா எழுத்துருவைத் தளத்தோடு சேர்த்தே அனுப்புங்கள், இலவசம்தான்.