1,000 வெள்ளிக்கு 90 வெள்ளி திரும்புமா? சிங்கப்பூர் நகைக் கணக்கு பற்றிய விவாதம்

தெற்காவணிக்காரர்:
சிங்கப்பூர் சென்று திரும்பிய ‘வைகைக்கரை’ நேற்று இங்கே எழுதியதைப் படித்தது முதல் எனக்கு மனம் ஆறவில்லை. செராங்கூன் சாலையில் 1,000 வெள்ளிக்கு (வெள்ளி என்பது அந்த ஊர் டாலர்) நகை வாங்கினாராம். சுற்றிப்பார்க்க வந்தவர் கடையில் கட்டிய 9 விழுக்காட்டு வரியைத் திருப்புகிறோம் என்று சாங்கி விமான நிலையத்தில் 90 வெள்ளியை அப்படியே கையில் கொடுத்துவிட்டார்களாம். இது தெரியாமல் நம் மதுரை நகைக்கடை வீதியான தெற்காவணி மூல வீதியில் நகை எடுக்கிறவர்கள் எல்லாரும் ஏமாளிகளாம். நகைக்கடைக் கணக்கு எழுதியே தலை நரைத்தவன் நான். 1,000 வெள்ளிக்கு 90 வெள்ளி திரும்பாது. அந்த ஊரில் கடைக்காரர் வாடிக்கையாளருக்குக் காட்டும் விலையிலேயே வரியும் அடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. 109 வெள்ளியில் 9 வெள்ளி வரி என்றால், 1,000 வெள்ளியில் இருக்கும் வரி 82 வெள்ளி 57 காசுதான். அதிலும் பணத்தைத் திருப்பித் தரும் நிறுவனம் தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டுதான் தரும். ஊரை ஏமாளி என்று எழுதுவதற்கு முன் வகுத்தல் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கலாம்.

வைகைக்கரை:
கையில் பணம் வாங்கி வந்தவன் நான். கடைத்திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர் நீங்கள். 2024 ஜனவரி 1 முதல் வரி 9 விழுக்காடு என்று அந்த நாட்டு அரசே அறிவித்து நடைமுறைப்படுத்தியிருக்கிறது. 1,000இல் 9 விழுக்காடு 90 என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கூடச் சொல்லும். போன சித்திரைத் திருவிழாச் சமயத்தில் சுங்குடிச் சேலை விலை பற்றி நான் எழுதியபோதும் இதே தெற்காவணிக்காரர்தான் குறுக்கே வந்து, அச்சுச் சேலைக்கும் கைமுடிச்சுச் சேலைக்கும் எனக்கு வேறுபாடு தெரியாது என்று பலர் முன்னிலையில் எழுதினார். அதை நான் மறந்துவிட்டேன் என்று அவர் நினைக்க வேண்டாம்.

திருமங்கலத்துக்காரி:
நகைக்கணக்கை ஒருபுறம் வையுங்கள், ஐயா. முதல்முறை போகிறவர்களுக்கு உண்மையில் தடுக்கும் இடம் வேறு. கடையில் பணம் கட்டும்போதே கடவுச்சீட்டைக் காட்டி, பயணிகளுக்கான வரித்திருப்பப் பதிவைச் செய்துகொள்ள வேண்டும். பெட்டி கட்டும் நேரத்தில் நினைவு வந்து பயனில்லை. குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கியிருக்க வேண்டும். ஒரே நாளில் அதே கடையில் வாங்கிய மூன்று சீட்டுகள் (ரசீதுகள்) வரை சேர்த்துக் காட்டலாம். திட்டத்தில் சேராத சிறு கடைகளில் எவ்வளவு வாங்கினாலும் ஒன்றும் திரும்பாது. வாங்கிய பொருளை இரண்டு மாதத்துக்குள் நாட்டைவிட்டு வெளியே எடுத்துச் செல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது பெட்டி. பொருளைப் பெட்டியில் வைத்து அனுப்புவதாக இருந்தால், அதை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே புறப்பாட்டுக் கூடத்திலுள்ள இயந்திரத்தில் பதிவை முடித்துவிட வேண்டும். சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொன்னால் காட்டியாக வேண்டும் அல்லவா? எங்கள் வீட்டார் பட்டுச்சேலைகளைப் பெட்டிக்கு அடியில் வைத்து அனுப்பிவிட்டுச் சீட்டை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கிடைக்க வேண்டியது போய்விட்டது.

வைகைக்கரை ஒன்றை மட்டும் சொல்லட்டும். 1,000 வெள்ளி என்பது வரி சேர்வதற்கு முந்தைய தொகையா, சீட்டின் அடியில் இருந்த மொத்தத் தொகையா?

தெற்காவணிக்காரர்:
மொத்தத் தொகை என்றுதான் அவர் எழுதிய தோரணையிலிருந்து தெரிகிறதே, அம்மா. 1,000 கொடுத்தேன், 90 வந்தது என்பதுதான் அவருடைய பேச்சு. வராது. 82 வெள்ளி 57 காசு என்பது உச்ச வரம்பு. கட்டணம் கழித்த பிறகு அதுவும் இல்லை. பெட்டி, கடவுச்சீட்டு என்று பேச்சை மாற்றினால் இந்தக் கணக்கு மாறிவிடாது.

மேலூரான்:
நான் அந்த ஊரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன். அங்கே வேலை பார்க்கிறவனுக்கு இந்தத் திட்டமே கிடையாது. இது சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும் உரியது. வைகைக்கரை தன் அக்கா வீட்டுக்காரர் அங்கே வேலையில் இருப்பதாக முன்பு எழுதியிருந்தார். நகை வாங்கிய ரசீது யார் பெயரில் போடப்பட்டது என்பதை அவர் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, மதுரையில் பேரம் பேசிப் பழகியவர்கள் அங்கேயும் அப்படியே பேச வேண்டும். சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு, பிறகு வரி திரும்பியது என்று மகிழ்வதில் என்ன இருக்கிறது?

வைகைக்கரை:
சீட்டு என் பெயரில், என் கடவுச்சீட்டில் போடப்பட்டது. என்னைப் பொய்யன் என்று மறைமுகமாகச் சொல்வதை மேலூரான் நிறுத்திக்கொள்ள வேண்டும். பேரத்தைப் பற்றி அவர் சொல்வதும் தவறு. சையது ஆல்வி சாலையிலுள்ள முஸ்தபா கடையில் தைலம் முதல் கைக்கடிகாரம் வரை எல்லாவற்றிலும் விலை ஒட்டியிருக்கிறது. அங்கே போய்ப் பத்து வெள்ளி குறையுங்கள் என்று கேட்டால் நம்மைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். சிங்கப்பூரில் பேரம் கிடையாது.

மேலூரான்:
முஸ்தபாவும் சிங்கப்பூரும் ஒன்றா? ரோச்சோர் பக்கம் சிம் லிம் சதுக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். மின்னணுப் பொருளுக்கு மாடிக்கு மாடி விலை வேறு. 2014இல் அங்கே கைப்பேசி வாங்கிய வியட்நாம் பயணி ஒருவரிடம் 950 வெள்ளியை வாங்கிக்கொண்டு, உத்தரவாதத்துக்கு மேலும் 1,500 வெள்ளி கொடுத்தால்தான் பொருள் கிடைக்கும் என்றார்கள். அவர் கடை வாசலில் மண்டியிட்டு அழுததை உலகமே பார்த்தது. அந்தக் கடைக்காரர் மறு ஆண்டு சிறைக்குப் போனார். விலை ஒட்டாத கடையில் நாலு இடம் விசாரித்துப் பேசி வாங்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு. அதைப் பேரம் கிடையாது என்ற ஒரே சொல்லில் ஒதுக்குவது, ஒரு கடையை மட்டும் பார்த்தவருடைய பேச்சு.

தெற்காவணிக்காரர்:
பேரம் இருக்கட்டும், சிம் லிம் இருக்கட்டும். நான் கேட்டதற்கு இன்னும் விடை வரவில்லை. ஆனாலும் ஊரார் ஏமாறக் கூடாது என்பதற்காக இன்னும் விரிவாகவே சொல்கிறேன்.

திரும்பி வரும்போது நம் நாட்டுச் சுங்கம் இருக்கிறது. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்புகிறவர்களுக்குத்தான் ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் நகைக்கான விலக்கு. 2026 பிப்ரவரி வரை அதற்குப் பெறுமான வரம்பும் இருந்தது. சலுகை வரியில் தங்கம் கொண்டுவர வேண்டுமானால் ஆறு மாதமாவது வெளியே தங்கியிருக்க வேண்டும். விடுமுறைக்குப் போய் உடனே திரும்புகிறவருக்கு இந்த இரண்டும் இல்லை. 2024 ஜூலையில் தங்கத்தின் இறக்குமதி வரி 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைந்தபோதே, வெளிநாட்டு விலைக்கும் நம் ஊர் விலைக்கும் இருந்த இடைவெளி பெரிதும் சுருங்கிவிட்டது. இங்கே நகைக்குச் சரக்கு சேவை வரி 3 விழுக்காடு, அங்கே 9. அந்த 9ஐக் கட்டிவிட்டு, வரிசையில் நின்று, அதில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்குவதை ஆதாயம் என்று சொல்கிறார் வைகைக்கரை. முதலில் கட்டாமலே இருக்கும் வரியைவிடத் திரும்பி வரும் வரி எப்படி உயர்ந்ததாகும்?

நம் ஊர் நகையின் தரத்தைப் பற்றியும் அவர் குறை எழுதியிருந்தார். 2021 ஜூன் 16 முதல் இங்கே தங்கத்தின் தூய்மையைக் காட்டும் முத்திரை (ஹால்மார்க்) கட்டாயமாகத் தொடங்கியது. 2023 ஏப்ரல் 1 முதல் முத்திரையிட்ட ஒவ்வொரு நகையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனிக் குறியீடு இருந்தால்தான் விற்கவே முடியும். வளையலின் உட்புறத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், முத்திரைக்கும் 22 காரட்டைக் குறிக்கும் 916க்கும் பக்கத்தில் அந்தக் குறியீடு இருக்கும். அதைக் கைப்பேசியில் தட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். அக்காலத்துக் கதையை வைத்துக்கொண்டு இக்காலத்துக் கடைவீதியைப் பழிக்கக் கூடாது, தம்பி. 82 வெள்ளி 57 காசு.

வைகைக்கரை:
என்னைத் தம்பி என்று அழைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? என் பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள். நான் விலையைப் பற்றிப் பேசினால் நீங்கள் சுங்கத்துக்குத் தாவுகிறீர்கள். சுங்கத்திலிருந்து முத்திரைக்குத் தாவுகிறீர்கள். வரி 9 விழுக்காடு, 1,000க்கு 90. கட்டணம் கொஞ்சம் பிடித்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அதனால் 90 என்பது பொய்யாகிவிடுமா?

திருமங்கலத்துக்காரி:
கட்டணம் பிடித்தார்கள் என்றால் 90 அப்படியே கைக்கு வந்தது என்று ஏன் எழுதினீர்கள்? நான் கேட்ட கேள்விக்கும் இன்னும் விடை இல்லை. சீட்டில் 1,000 வெள்ளிக்கு மேல் வரியைத் தனியாகச் சேர்த்து மொத்தம் 1,090 என்று போட்டிருந்தால் வரி 90தான். மொத்தமே 1,000 என்றால் தெற்காவணிக்காரர் சொல்வது சரி. இதைச் சொல்லிவிட்டால் மீதிப் பேச்சுக்கு வேலையே இல்லை.

மேலூரான்:
வைகைக்கரைக்கு நான் பரிந்து பேசவில்லை. ஆனால் தெற்காவணிக்காரர் மதுரைக் கடைவீதிக்குக் கொடி பிடிப்பதையும் என்னால் ஏற்க முடியாது. வரி 3 விழுக்காடு என்று பெருமையாக எழுதுகிறவர், செய்கூலி, சேதாரம் என்ற இரண்டையும் ஏன் எழுதவில்லை? என் தங்கை திருமணத்துக்கு ஆரம் எடுத்தபோது சேதாரத்துக்கு மட்டும் கடைக்காரர் சொன்ன விழுக்காட்டைக் கேட்டு எங்கள் அப்பா எழுந்தே விட்டார். தங்க விலையைப் பலகையில் எழுதி வைக்கிறவர்கள் சேதாரத்தையும் அதே பலகையில் எழுதி வைப்பார்களா?

தெற்காவணிக்காரர்:
சேதாரம் நகைக்கு நகை மாறும். கம்பி வேலைக்கும் கட்டி வளையலுக்கும் ஒரே விழுக்காடு போட முடியாது. ஆகையால் பலகையில் எழுத முடியாது. பட்டறையில் உட்கார்ந்து ஊதுகுழல் பிடித்து வேலை செய்கிற ஆசாரியின் கூலியைக் கொள்ளை என்று சொல்கிறவர்களோடு பேச எனக்கு விருப்பமில்லை. சிங்கப்பூர்க் கடையிலும் செய்கூலி உண்டு. வைகைக்கரையின் சீட்டில் அது எவ்வளவு என்று அவரே பார்த்துச் சொல்லட்டும்.

மேலூரான்:
ஆசாரியின் கூலியை யார் குறை சொன்னது? அந்தச் சேதாரத்தில் ஆசாரி கைக்குப் போவது எவ்வளவு, கடைக் கல்லாவுக்குப் போவது எவ்வளவு என்று கணக்கு எழுதினவருக்குத் தெரியாதா? அதை எழுதுங்கள், பிறகு 82 வெள்ளியைப் பற்றிப் பேசலாம்.

வைகைக்கரை:
மேலூரான் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை வரும் வரை என் சீட்டை நான் யாருக்கும் காட்டப் போவதில்லை. அடுத்தமுறையும் நான் செராங்கூன் சாலையில்தான் நகை எடுப்பேன். 1,000க்கு 90 வாங்கியே தீருவேன்.

தெற்காவணிக்காரர்:
சீட்டைக் காட்ட மாட்டார், செய்கூலியைச் சொல்ல மாட்டார், வரி உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்று அந்த அம்மா இரண்டு முறை கேட்டதற்கும் வாய் திறக்க மாட்டார். 1,000ஐ 109ஆல் வகுத்து 9ஆல் பெருக்குங்கள். 82 வெள்ளி 57 காசு. அதற்கு மேல் ஒரு காசு வந்திருந்தால் சீட்டைப் போடுங்கள். நான் இங்கேயேதான் இருக்கிறேன்.